எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை

அக்டோபர் 9, ஞாயிறு

இன்றும் பஸ்தெலீத்தோ, அதாவது எங்கள் ஊர்ப் பஃப்ஸ், சரியாக வரவில்லை. அடுப்பிலிருந்து எடுத்தபோது தட்டையாக, ஓரம் கருகி, கொய்யா ஜாம் வெளியே ஒழுகி, யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது. அம்மா அப்படியே குப்பையில் கொட்டப் போனாள். அப்பா குறுக்கே புகுந்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு நெரெய்டா. விமானச் சக்கரத்துக்கு அடியில முட்டுக் கொடுக்கலாம்."

அடுப்புத் துணியால் அவர் முதுகில் ஒன்று விழுந்தது.

தெற்கே, கியூபாக்காரர்கள் நிறைந்த ஹயலீயாவில் பதினாறு வருடம் பேக்கரிக் கவுண்டரில் நின்றவள் அம்மா. மாவு பிசைந்ததும் மடித்ததும் உள்ளே வேறு ஆட்கள். அவளுக்கு விற்கத் தெரியும், அட்டைப்பெட்டியைக் கயிறு சுற்றிக் கட்டத் தெரியும், எது எப்படி ருசிக்க வேண்டும் என்று தெரியும். செய்ய இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள், வடக்கே இந்த டுலூத்தில், இந்தக் குளிரில். அங்கே யாரும் வீட்டில் செய்வதில்லை. தெருவுக்கு இரண்டு பேக்கரி இருக்கும்போது எதற்கு?

ஒரே ஒரு குளிர்காலம்தான். விமானம் பழுதுபார்க்கும் வேலையில் அப்பாவுக்கு ஜூன் வரைக்கும் ஒப்பந்தம். ஜூனில் திரும்பிவிடுவோம் — மிக்டாலியா பெரியம்மா வீட்டுப் பின்கட்டுக்கு, என் பழைய அறைக்கு. அந்த மாதம்தான் பெரியம்மா மகள் டயாமிக்கும் எனக்கும் மூன்று நாள் இடைவெளியில் பதினைந்து வயது முடிகிறது. எங்கள் ஆட்களிடையே பெண்ணுக்குக் கல்யாணம் மாதிரி விழா எடுக்கும் வயது அது. ஏழு வயதிலேயே நானும் அவளும் தீர்மானித்தாகிவிட்டது: ஒரே மண்டபம், ஒரே கேக், இரண்டு கிரீடம். பெரியம்மா அன்றிலிருந்து அதற்காகச் சேர்த்துவைக்கிறார். எனக்கு ஆடை அலங்காரத்தில் பெரிய ஆசை கிடையாது. டயாமி பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 22, சனி

பெரியம்மாவின் பார்சல் வந்தது. எங்கேயோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. உப்பு பிஸ்கட் மாவாகிவிட்டது. பஸ்தெலீத்தோ மேல் பச்சைப் பூஞ்சை.

நான் நூலகத்திலிருந்து திரும்பியபோது அம்மா சமையலறையில் நின்றபடியே பூஞ்சை படாத பக்கத்தைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன முறைக்கிற? செத்துட மாட்டேன்" என்றாள். சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

மருத்துவமனைச் சமையலறையில் நாள் முழுக்க உப்பில்லாத கஞ்சியும் ஜெல்லியும் தட்டில் வைக்கிற வேலை அவளுக்கு. அங்கே யாரும் அவளோடு பேசுவதில்லையாம். "நல்லவங்கதான். ஆனா மீன் மாதிரி. வாயைத் தொறக்கறாங்க, சத்தம் வரல."

முடிவு செய்துவிட்டேன். ஜூன் வரை அவளுக்குத் தாங்குகிற மாதிரி, தேவையான எல்லாவற்றையும் நானே தேடிக் கண்டுபிடிப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை தேடுவதுதானே.

நவம்பர் 5, சனி

கிடைத்துவிட்டது!!

ஏரித் துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில் ஒரு சின்னப் பிலிப்பைன்ஸ் கடை. கப்பல் ஊழியர்களுக்காக லிகாயா என்பவர் நடத்துகிறார். வெட்டக்கூடிய அளவுக்கு இறுகிய கொய்யாக் கட்டி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு வட்டத் தகர டப்பாவை எடுத்தார். பிரேசில் டப்பா. தூசியைத் தன் ஸ்வெட்டரில் துடைத்தார்.

"ஒரு கப்பல் சமையல்காரன் கேட்டான்னு வரவழைச்சேன் பாப்பா. அந்த ஆளு வேற கப்பலுக்கு மாறிட்டான். இன்னும் ஒரு வரிசை கெடக்கு. நீ எடுத்துக்கோ, எனக்கும் எடம் காலியாகும்."

பன்றிக் கொழுப்பும் அவரிடமே இருந்தது. அவர்கள் மொழியிலும் எங்கள் ஸ்பானிஷிலும் அதற்கு ஏறக்குறைய ஒரே பெயர். இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தோம்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா என் கையிலிருந்ததைப் பார்த்தாள். 'வா' என்று சொல்லவில்லை, 'காலணியைக் கழற்று' என்று சொல்லவில்லை.

"எங்க கெடச்சுது?"

அப்பா உள்ளிருந்து உரக்கச் சிரித்தார். கியூபாவில் பையோடு தெருவில் நடந்தால் முன்பின் தெரியாதவர்கூட நிறுத்தி இதைத்தான் கேட்பாராம். முட்டையா, எங்கே கிடைத்தது? சோப்பா, எங்கே கிடைத்தது? "சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் போனாக்கூட நம்ம ஆளு அதைத்தான் கேப்பான்" என்றார். அம்மாவும் பெரியம்மாவும் அப்படியே வளர்ந்தவர்கள். பெரியம்மா தொலைபேசியில் என் குரலைக் கேட்டவுடன் குளிர் எப்படி என்று கேட்பதில்லை. அங்கே என்ன கிடைக்கிறது, எங்கே கிடைக்கிறது, இவ்வளவுதான்.

நவம்பர் 6, ஞாயிறு

பிரேசில் கட்டி நம்முடையதைவிட இளகலாகவும் திகட்டலாகவும் இருக்கிறது. அம்மா முகத்தைச் சுளித்தாள். நூலகப் புத்தகத்தில் படித்ததை வைத்து எலுமிச்சைத் தோலைச் சீவி, கொஞ்சம் சாறும் விட்டுக் கிளறச் சொன்னேன். "கொய்யால எலுமிச்சையா? உன் பெரியம்மா கேட்டா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றாள். செய்தாள்.

மாவு பொங்கியது. இலை இலையாக.

அம்மா முதல் கடியில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அடுப்பை அணைக்காமலே என்னைப் பிடித்து இழுத்துச் சமையலறை முழுக்க ஆடினாள். "என் உசுரே, என் தத்துவஞானி, மூளைக்காரி!" இங்கே வந்த பிறகு அவள் ஆடி நான் பார்த்தது இன்றுதான்.

நவம்பர் 24, வியாழன்

டயாமியோடு நீண்ட நேரம் பேசினேன். அவளுக்கு நீல ஆடை, எனக்கு வெளிர்மஞ்சள். விருந்தினர் கையில் கொடுக்கும் அட்டைப்பெட்டியில் என்னென்ன வைப்பது என்று ஒரே சண்டை. கேக் துண்டு, மக்ரோனி சாலட், பொரித்த க்ரொக்கேட்டா — இதில் தகராறு இல்லை. கரண்டி வேண்டும் என்கிறாள்.

"கரண்டி வெச்சா அது நம்ம பெட்டியே இல்லடி. மூடியைக் கிழிச்சுத்தான் கரண்டி பண்ணணும்" என்றேன்.

"எங்க க்ளாஸ் பசங்க வருவாங்கடி, மானம் போகும்."

"போகட்டும்."

"ஐயோ, இந்தப் பனியில ஒக்காந்தும் உனக்குத் திமிரு கொறையல" என்றாள். எவ்வளவு ஆசையாகச் சொன்னாள்.

டிசம்பர் 24, சனி

லிகாயாவின் கடையில் டப்பா தீர்ந்துவிட்டது. கடைசிக் கப்பலும் போய்விட்டது. ஏரி உறைந்து, மறுபடி உடைந்து, வழி திறந்தால்தான் இனி கப்பல்.

ஆனால் நான் அதற்கு முன்பே மினியாபொலிஸில் ஒரு பிரேசில்காரர் கடையைப் பிடித்துவைத்திருந்தேன். தபாலில் அனுப்புவார்கள். இன்றைக்குப் பரிசாகச் சொல்லலாம் என்று காத்திருந்து, பன்றி வறுவல் மேசைக்கு வந்ததும் சொன்னேன். அம்மா எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டாள்.

"நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்?"

பிறகு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மரவள்ளிக் கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "பெட்டி பெட்டியா வாங்கினாலும் தருவாங்களாமா?"

"ஜூன் வரைக்கும் தானேம்மா. எதுக்குப் பெட்டி?"

"சும்மா கேட்டேன்."

அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. பசி போல.

ஜனவரி 10

அம்மாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. விடியும் முன்பே கிளம்புகிறாள், அந்த வெளிர்பச்சைச் சீருடையில். பாவம்.

ஜனவரி 29, ஞாயிறு

டயாமி இரண்டு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. மண்டபம் பதிவு செய்தாயிற்றா என்றேன். "அம்மாதான் பாக்கறாங்க" என்றாள். என் அளவுகளை அனுப்பட்டுமா என்றேன். "இப்ப என்ன அவசரம், நீ இன்னும் வளருவ" என்றாள். பதினைந்தாகப் போகிற வயதில் இனி எங்கே வளர்வது? உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். தலைவலியாம்.

பிப்ரவரி 11, சனி

இன்று அம்மா மாவை விதவிதமாக வெட்டிக்கொண்டிருந்தாள். கொய்யாவுக்குச் சதுரம். கொய்யாவும் சீஸும் சேர்ந்தால் நீளம். தேங்காய்க்கு முக்கோணம். இறைச்சிக்கு வட்டம். ஹயலீயாவில் எந்த பேக்கரிக்குப் போனாலும் இதேதான் — கவுண்டரில் நிற்பவள் பிய்த்துப் பார்க்காமல், வடிவத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுக்க.

"வீட்டுக்கு எதுக்கும்மா வடிவம்? எதுக்குள்ள என்னன்னு நமக்குத்தான் தெரியுமே."

"கை மறந்துடக் கூடாதுல்ல."

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஊருக்குப் போய்ப் பழைய கவுண்டரிலேயே நிற்கத் தயாராகிறாள். அவளும் நாட்களை எண்ணுகிறாள் என்று தெரிந்துவிட்டது. வட்டங்களின் ஓரத்தை முட்கரண்டியால் அழுத்தி உதவினேன். சர்க்கரைப் பாகு தடவியதும் நான்தான், இறைச்சிக்கும் சேர்த்து.

மார்ச் 4

அமெரிக்க வரலாற்றில் தொண்ணூற்றெட்டு. அம்மா கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள், உட்கார்ந்தபடியே.

மார்ச் 21, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். எழுதினால் வேறு மாதிரி தெரியலாம்.

பள்ளி முடிந்து நூலகத்துக்குப் போனேன். எதிரே இருக்கும் காபிக் கடையைத் தினமும் தாண்டித்தான் போகிறேன், உள்ளே போனதில்லை. இன்று கை விறைத்துப்போனதால் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் — வட்டம். சதுரம். முக்கோணம். மேலே பாகு மினுமினுத்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இந்த ஊரில் நம் ஆள் ஒருவர்! வட்டத்துக்கும் சதுரத்துக்கும் அர்த்தம் தெரிந்த ஒருவர்! அழுகை வந்தது. உண்மையாகவே.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் யார் செய்கிறார்கள் என்று கேட்டேன். "ஒரு அம்மா. விடியறதுக்கு முன்னாடியே வந்து செஞ்சு வெச்சுட்டுப் போயிடுவாங்க. மெக்சிகோன்னு நெனைக்கிறேன். செம்ம ருசி, ஒம்போது மணிக்கெல்லாம் காலியாயிடும். இன்னிக்கு என்னமோ மிச்சம் இருக்கு. உனக்கு அதிர்ஷ்டம்தான்."

சதுரமாக இருந்த எல்லாவற்றையும் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வைத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். கயிறு! அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆவாள், அந்த மெக்சிகோ அம்மாவை வீட்டுக்குக் கூப்பிடலாம், அவர் மெக்சிகோவாக இருக்கவே முடியாது, அம்மாவுக்குப் பேச ஒரு ஆள் — பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு என்னவெல்லாமோ யோசித்தேன்.

பேருந்தில் பொறுக்க முடியாமல் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

எலுமிச்சை.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். பிரேசில் கட்டி. எலுமிச்சைத் தோல். நான் சொல்லித்தானே.

இல்லை, வேறு யாருக்காவது இதே யோசனை வந்திருக்கலாம். அதே புத்தகத்தைப் படித்திருக்கலாம். வீடு வரைக்கும் இப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மா பச்சைச் சீருடையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மேசையில் வைத்தேன். கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தேன்.

அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

நான் காத்திருந்தேன். கேளும்மா. கேட்டுடு. நீ கேட்டா நான் நம்பிடுறேன்.

"பசிக்குதா? சூப் சுட வைக்கட்டுமா?" என்றாள்.

மார்ச் 22, புதன்

பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் பொய்க்கு இப்போது யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

அப்புறம் இரண்டு பேரும் சொன்னார்கள்: எல்லாம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. மருத்துவமனை வேலையை விட்டுவிட்டாள். காபிக் கடைக்காரி கிர்ஸ்டன் வயதாகிவிட்டதால் கடையைக் கைமாற்றப் பார்க்கிறாள்; மே மாதம் முதல் கடை அம்மாவுடையது. அப்பா ஒப்பந்தத்தை நிரந்தர வேலையாக மாற்றிக்கொண்டார். ஹயலீயாப் பின்கட்டில் யாரோ ஒரு பெண்ணைக் குடிவைத்தாகிவிட்டது. என் அறையில். ஜனவரியில். நான் இங்கே ஜூனுக்கு என் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது.

"அப்புறம் எதுக்கு அந்தச் சீருடை?" என்று கேட்டேன்.

"நீ கேப்பேன்னுதான்."

"தினமும் போட்டுக்கிட்டுப் போனியே. தினமும்."

"கடைக்குப் போய் மாத்திப்பேன். வரப்ப மறுபடி போட்டுப்பேன்."

அதைச் சாதாரணமாகச் சொன்னாள்! பேருந்து மாறுவதைச் சொல்கிற மாதிரி.

அப்பா, "உன் பரீட்சை முடியட்டும்னுதாம்மா..." என்று ஆரம்பித்தார். எந்தப் பரீட்சை என்றேன். அவருக்குத் தெரியவில்லை.

அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள், இழுத்துக்கொண்டேன். அப்போது அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"அங்க நான் யாருடி? முக்குக்கு முக்கு பேக்கரி. பதினாறு வருஷம் அடுத்தவன் செஞ்சதை அடுத்தவன் பெட்டில போட்டு அடுத்தவன் கயித்தால கட்டினேன். யாராச்சும் என் பேரைக் கேட்டாங்களா? இங்க ஜனங்க பனியில வரிசையில நிக்கறாங்க. எனக்காக."

"அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ தேடியிருப்பியா?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொல்லிவிட்டாள். எனக்கு அது கேட்டுவிட்டது.

நான் தேடியிருப்பேனா? மாட்டேன். அதுதான் உண்மை. கொய்யா கண்டுபிடித்தது நான், கொழுப்பு நான், எலுமிச்சை நான், மினியாபொலிஸ் நான். ஜூன் வரைக்கும் தாங்கட்டும் என்று ஹயலீயாவை டப்பா டப்பாவாக இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. இனி அங்கே எதற்குப் போக வேண்டும்?

மார்ச் 23, வியாழன்

டயாமியை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சித்தி சொல்லிட்டாங்களா?" என்றாள்.

உனக்கு எப்போது தெரியும் என்றேன்.

"...ஜனவரில."

"வெளிர்மஞ்சள் நல்லாருக்கும்னு பிப்ரவரில சொன்னியேடி."

"சித்திதான் சொல்லாதேன்னாங்க. அழுதாங்க நைவி. நான் என்ன பண்றது? ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் சித்தி..."

"தலைவலின்னியே."

பின்னால் யாரோ மண்டபம், அலங்காரம் என்று பேசுவது கேட்டது. பெரியம்மாவின் குரல்.

"நீ கண்டிப்பா வருவல்ல? ஜோடி நடனத்துல உனக்கு ஒரு எடம் வெச்சிருக்கேன்" என்றாள்.

ஒரு இடம்! அவளுக்குப் பின்னால், மற்ற பெண்களோடு.

ஏப்ரல் 2

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 15, சனி

அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உசுரே, தேங்காய்தான் சரியாவே வரல. கடையில கிடைக்கறது சர்க்கரை போட்டுக் காஞ்சது. உனக்கு எங்கயாச்சும்..."

லிகாயாவிடம் உறைய வைத்த, துருவிய தேங்காய் இருக்கிறது. இரண்டாவது குளிர்பெட்டியில், மீனுக்குக் கீழே. ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்துவிட்டேன்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியாதா? நாள் முழுக்கக் காத்திருந்தேன், என் மனம் கொஞ்சமாவது ஆறுகிறதா என்று. ஆறவில்லை. பொய் சொன்னதும் கஷ்டமாக இல்லை. இரண்டும் இல்லை.

மே 13, சனி

பலகை மாட்டிவிட்டார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து: 'நைவி'.

என் பெயர். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அம்மா தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசு கொடுத்த சிறுமி மாதிரி. என் வகுப்பு எலியனோர் அந்த வழியாகப் போனவள், "ஏய், இது உன் பேரா? எவ்ளோ அழகா இருக்கு! நீ குடுத்துவெச்சவ" என்றாள். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பலகைக்காரன் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு வாங்கியிருப்பான். நல்லவேளை, சின்னப் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தனியாகக் கூப்பிட்டு விமானச் சீட்டைக் கொடுத்தார். ஜூனில் பத்து நாள், போக வர. "போய்ட்டு வாம்மா. பெரியம்மா மனசும் ஆறட்டும்" என்றார். பெரியம்மாவுக்கு என்ன என்று கேட்டேன்.

"உங்கம்மா அவங்ககிட்ட இன்னும் ஒரு வருஷம்தான்னு சொல்லி வெச்சிருக்கா."

"ஒரு வருஷம்தானாப்பா?"

அப்பா சீட்டின் உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

ஜூன் 16, வெள்ளி. ஹயலீயா

வெயில். கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரத் துணி போட்ட மாதிரி. சேவல் சத்தம், யாரோ வீட்டு ரேடியோ. எல்லாம் அப்படியே இருக்கிறது. மறந்திருப்பேன் என்று பயந்தேன். மறக்கவில்லை.

டயாமி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். கட்டிக்கொண்டோம். இரண்டு பேருமே சீக்கிரம் விட்டுவிட்டோம். காரில் ஞாயிற்றுக்கிழமை நடனத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள், நான் எந்த வரிசை, என் ஜோடி யார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். "கோபமாடி?" என்றாள் ஒரு சிக்னலில். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். அது ஒன்றுதான் இன்றைக்கு நாங்கள் பேசிய உண்மை.

என் பெட்டியில் பாதி இடத்தை அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். ஹயலீயாவுக்கு யாராவது பஸ்தெலீத்தோ கொண்டுபோவார்களா? வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "வெறுங்கையோட அக்கா வீட்டுக்கு எப்படிப் போவ?" என்றாள். வெள்ளைப் பெட்டி, கயிறு, மூடியில் என் பெயர்.

பெரியம்மா கயிற்றை அவிழ்க்கவில்லை, கத்தியால் அறுத்தார். சமையலறையில் நின்றபடியே ஒரு சதுரத்தை எடுத்தார். டயாமியும் நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றார். பாதியில் நிறுத்தி, வெட்டிய இடத்தில் இலை இலையாக நின்ற மாவைப் பார்த்தார். மிச்சத்தையும் தின்றார். ஒரு வட்டத்தை எடுத்தார். அதையும் முழுசாகத் தின்றார். விரலைத் துடைத்தார்.

"இது அவளே செஞ்சதா?"

"ஆமா பெரியம்மா."

"ஞாயித்துக்கிழமை கடைய மூடுறாளா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமைதான் கூட்டமே. சர்ச்சிலருந்து நேரா வருவாங்க."

பெரியம்மா 'ம்' என்றார். ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்தார். அங்கே குடியிருப்பவர் லிஸ்பெட், கியூபாவின் ஒல்குயினிலிருந்து போன வருடம் வந்த நர்ஸ். அவருடைய அம்மாவின் படம், பெரிய சட்டம் போட்டது, தரையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. வந்தவுடன் என் அறையை எட்டிப் பார்த்தபோது கவனித்தேன். ஏன் கீழே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சுவத்துல ஓட்டை போடாதேன்னு சொல்லியிருக்காங்கம்மா. அவங்க தங்கச்சி குடும்பம் திரும்பி வருதாம்" என்றார். நான்தான் அந்தக் குடும்பம் என்று அவருக்குத் தெரியாது.

பெரியம்மா பின்வாசல் கதவைத் திறந்தார்.

"லிஸ்பெட்! சுத்தியல் வாஷிங் மெஷினுக்கு மேல இருக்கு. படத்தை மாட்டிக்கோ."

"நெஜமாவா? ஓட்டை விழுமே..."

"விழட்டும்."

கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி, காபிக்குத் தண்ணீர் வைத்தார். வெகுநேரம் திரும்பவே இல்லை. டயாமி என் பக்கம் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் லிஸ்பெட் வாசலில் வந்து தயங்கி நின்றார், வாயில் இரண்டு ஆணிகளோடு. நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம்.

நான் போனேன். என் பழைய கட்டில் இருந்த இடத்தில் நின்று பார்த்தேன்.

"எடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றேன். "போதும். அங்கயே அடிங்க."